பேர் எழுதிய அடுப்பு

சிவசைலத்தைப் பொன்னாடை போர்த்தித்தான் வழியனுப்பினார்கள். சென்னையில் அவர் குடியிருந்த அடுக்ககத்துச் சங்கம் அதுவரை யாருக்கும் அப்படிச் செய்ததில்லை. தண்ணீர் லாரிக்கும் ரேஷன் அட்டை வந்துவிட்ட காலம். மின்சாரம் வந்தால் அதை ஒரு செய்தியாகச் சொல்லிக்கொண்ட காலம். அப்படிப்பட்ட நாளில் ஒரு மனுஷர், பொருளாதாரப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரோ ஒரு சிலிண்டர் கேஸோ வாங்காத நிறையூருக்குக் குடிபோகிறேன் என்றால் சும்மாவா? தினமும் விடிந்ததும் அவர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுக்கொண்டிருந்த தன்னிறைவு உபதேசம் இத்தோடு நின்றதே என்று சிலர் கூடுதலாகக் கைதட்டியதாகவும் கேள்வி.

போவது சோதனைக் காலத்துக்குத்தான், தேறினால்தான் வீடு என்பதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. “முதல்ல போய்ப் பார்ப்போம், அப்புறம் சொல்லிக்கலாமே” என்று மனைவி வடிவு தலைதலையாக அடித்துக்கொண்டாள். அவர் கேட்கிற ஜாதி இல்லை. தேறாமல் போகிற ஆளா நான் என்றார்.

நிறையூர் தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது. ஐம்பது வீடுகூடத் தேறாது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே சமையற்கூடம். போய் இறங்கிய அன்றைக்கே ரஹ்மத்நிசா என்பவள் இருவரையும் அழைத்துப்போய் எல்லாவற்றையும் காட்டினாள். நுண்ணுயிர் ஆராய்ச்சியில் பெரிய பட்டம் வாங்கி, கோயம்புத்தூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டவள். ஊரின் உயிர் அவள் பொறுப்பில் இருந்தது. உயிர் என்றால் நிஜமாகவே உயிர்.

“தயிருக்கு உறை ஊத்துவோம்ல, அதே கதைதான் சார்” என்றாள். “ஊருக்கு அடியில ஒரு பெரிய கலம் இருக்கு. அதுக்குள்ள இருக்கிறது நாங்க வளத்த கிருமி. கோபர் கேஸ் ஒரு மாசத்துல செய்யுறத இது ஒரு நாள்ல செஞ்சிரும். நம்ம கழிவைத் தின்னுட்டு அடுப்புக்கு வாயு, விளக்குக்குக் கரண்ட், வயலுக்கு உரம் எல்லாம் கொடுக்குது. தண்ணியையும் சுத்தமாத் திருப்பிக் கொடுத்துரும். ஆனா சரியான முசுடு. பழகாத வயித்துல இருந்து எது வந்தாலும் சேத்துக்காது.”

அதனால் புதிதாக வருகிற குடும்பத்துக்கு முதலில் தனியாக ஒரு சின்னப் பானை. பெரிய கலத்திலிருந்து கொஞ்சம் உறை எடுத்து அதில் ஊற்றிவிடுவார்கள். அந்தக் குடும்பத்தின் கழிப்பறைக் குழாய் அந்தப் பானைக்கு மட்டும் போகும். பானையிலிருந்து வரும் வாயு சமையற்கூடத்தில் ஓர் அடுப்பில் எரியும். அடுப்புக்கு மேலே பலகையில் குடும்பத்தின் பேர். சோதனைக் காலம் முடிகிறவரை தீ நீலமாக நின்று எரிந்தால், அந்தப் பானையைக் கொண்டுபோய்ப் பெரிய கலத்தில் ஊற்றிவிடுவார்கள். அதற்குக் கலப்பு என்று பேர். பானகம் கரைத்து, எல்லோரும் குலவை போட்டு, கல்யாணம் மாதிரி நடக்கும். அன்றிலிருந்து அவர்கள் அந்த ஊர்க்காரர்கள். தீ அணைந்துவிட்டால் மூட்டையைக் கட்டவேண்டியதுதான். இரண்டு வருஷம் கழித்துத்தான் மறுபடி கேட்கலாம்.

“பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, மூச்சுக்கு அடிக்கிற பம்ப் எல்லாத்தையும் தாங்கும்” என்றாள் ரஹ்மத். “ஆன்டிபயாடிக் மட்டும் ஆகாது. ஒரு மாத்திரை போதும், பானையக் கொன்னுரும். அதுக்காக உடம்பு முடியாதப்ப மறைக்காதீங்க. ஓரமா தனிக் கழிப்பறை கட்டியிருக்கோம், அதுக்கும் பானைக்கும் சம்பந்தமில்ல. சொல்லிட்டு அதுக்குப் போங்க. சோதனைக் காலம் கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.”

எவ்வளவு எளிதாகச் சொன்னாள் பாருங்கள். சொல்லிட்டுப் போங்க, அவ்வளவுதான்.

அன்று மாலை சமையற்கூடத்தில் புதியவர்களை அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார்கள். சிவசைலம் குடும்பத்துக்குச் சில நாள் முன்னாலேயே சோதனைக்கு வந்திருந்த இன்னொரு குடும்பம் தாயும் மகளும். தாய் பேர் மரியபுஷ்பம், தூத்துக்குடிப் பக்கம். வீட்டுக்காரர் இறந்துவிட்டார். மகள் ஏஞ்சலினுக்கு ஒன்பது வயது. ஆலைப் புகையில் பிறந்து வளர்ந்த பிள்ளை, மூச்சிழுப்பு. இங்கே வந்த பிறகுதான் பிள்ளை படுத்துத் தூங்குகிறது, அங்கே உட்கார்ந்தே தூங்கும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் புஷ்பம் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்தது சிவசைலம். அவருக்குக் கூட்டத்தைக் கண்டால் வாய் நிற்காது. மண், மழை, முன்னோர் என்று ஒரு சுற்றுச் சுற்றிவந்து கடைசியில், “இங்கிலீஷ் மருந்தைக் கையால தொட்டுப் பத்து வருஷம் ஆச்சு. சுக்கும் மிளகும்தான் எனக்கு டாக்டர்” என்று முடித்தார். வடிவு தட்டில் இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியது புஷ்பம்தான். “பாத்தியாட்டி? அண்ணாச்சிய மாதிரி இருக்கணும்” என்று மகளிடம் சொன்னதும் அவர் காதில் விழுந்தது. ஜில்லென்று இருந்தது.

நிஜம் என்னவென்றால், அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள், துடைக்கிற துணிக்கு அடியில், ஓர் அட்டை ஆன்டிபயாடிக் இருந்தது. தொண்டை கரகரத்தால் தெருமுனை மெடிக்கலில் பேரைச் சொல்லி வாங்குவது, இரண்டு நாள் போட்டுக்கொள்வது, சரியானதும் மிச்சத்தை அடுத்த தடவைக்கு எடுத்துவைப்பது. இது அவருக்கு வாழ்நாள் பழக்கம். நம்மில் பாதிப்பேருக்கும் அதே பழக்கம்தான் என்பதால் அவரை ரொம்பத் திட்டவும் முடியவில்லை. அது மருந்து என்ற எண்ணமே அவருக்கு இல்லை என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கூட்டுக்குள் ஒளித்துவைத்தவருக்கு எண்ணம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

மலைக்காற்று ஒத்துக்கொள்ளாமல் தொண்டை கட்டியது. சுக்கும் மிளகும் குடித்துப் பார்த்தார். எச்சில் விழுங்கினால் உயிர் போயிற்று. ரஹ்மத்திடம் போய்ச் சொல்லலாம்தான். ஆனால் பத்து வருஷம் தொடாதவர் என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கும்போது, எல்லோரும் பார்க்க ஓரத்துக் கழிப்பறைக்குச் செம்பைத் தூக்கிக்கொண்டு நடப்பதா? அந்த யோசனையை மென்று முழுங்கிவிட்டு, கண்ணாடிக் கூட்டைத் திறந்தார்.

தீ முதலில் மஞ்சளாயிற்று. அப்புறம் சிறுத்தது. பேர் எழுதிய அடுப்பு என்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. காலையில் இட்லிக்கு வந்து நிற்கிற ஒவ்வொருவரும் பலகையில் பேரைப் பார்க்கிறார்கள், தீயைப் பார்க்கிறார்கள், அப்புறம் அவரைப் பார்க்கிறார்கள். என்ன சார், சாப்பாடு ஒத்துக்கலையா என்று கேட்கிறார்கள். தண்ணீர் மாற்றம் என்று சொல்லிச் சமாளித்தார். தன்னுடைய வயிற்றை ஊரே திறந்து பார்ப்பது போல இருந்தது. பக்கத்து அடுப்பில் புஷ்பத்தின் தீ, பார்க்கிறவர் கண்பட்டுவிடும் போல நீலமாக எரிந்துகொண்டிருந்தது.

சோதனைக்கு வந்தவர்களின் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரே சுவர். கழிப்பறைகள் பின்னால் அடுத்தடுத்து. மத்தியானத்தில் புஷ்பம் வயலில் இருப்பாள், பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும். சிவசைலத்துக்கு அந்த யோசனை வந்தபோது அது தப்பாகவே தெரியவில்லை. இரண்டு நாள்தானே, அவள் பானை நன்றாக எரிகிறது, தாங்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். துறைத் தலைவராக இருந்த மனுஷர், செம்பும் கையுமாக இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அடுத்தவள் கழிப்பறைக்குள் திருடனைப் போல நுழைந்தார். இரண்டு நாள் நாலு நாளாயிற்று, அதற்கு மேலும் ஆயிற்று. பாதியில் நிறுத்துவது தப்பு என்று எங்கேயோ படித்திருந்தார். வாழ்நாளில் முதல்முறையாக அந்த அட்டையை முழுதாகச் சாப்பிட்டு முடித்தார்.

அவருடைய அடுப்பு எழுந்துவிட்டது. ஓரம் நீலமாகி, பிறகு முழுவதும் நீலமாகி, கொழுந்துவிட்டு எரிந்தது. பாத்தியா, பழகிடுச்சு என்று வடிவிடம் சொன்னார். வடிவு கீரைக் கட்டைப் பிரித்தாள். அந்த ஊர் அவளுக்குப் பிடித்துவிட்டிருந்தது. சமையற்கூடத்துப் பெண்களோடு சேர்ந்து கீரை ஆய்ந்துகொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகப் புருஷன் பேச்சைத் தவிர வேறு பேச்சுகளைக் கேட்டுக்கொண்டு, நிம்மதியாக இருந்தாள்.

அப்புறம் புஷ்பத்தின் தீ இறங்க ஆரம்பித்தது.

ஒருநாள் விடிகிற வேளையில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. பழைய கதவைத் திறந்து திறந்து மூடுவது போல இருந்தது. அது பிள்ளையின் மூச்சு என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வடிவு எழுந்து ஓடினாள். ரஹ்மத்தும் வந்தாள். பம்ப் அடித்து, முதுகைத் தடவி, வெந்நீர் கொடுத்து, மூச்சு ஒரு நிலைக்கு வருவதற்குள் எல்லோருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. புஷ்பம் சில நாளாகவே பிள்ளைக்குப் பம்ப் அடிப்பதை நிறுத்தியிருக்கிறாள். அதனால்தான் அடுப்பு அணைகிறதோ என்று பயம். பம்பால் ஒன்றும் ஆகாது என்று வந்த அன்றைக்கே சொன்னேனா இல்லையா என்று ரஹ்மத் சத்தம் போட்டாள். “பின்ன வேற எதுனால அணையுது, நீங்களே சொல்லுங்க” என்று கேட்டுப் புஷ்பம் அழுதாள்.

சிவசைலம் வாசலிலேயே நின்றார். பிள்ளையின் விலா எலும்பு ஏறி ஏறி இறங்குவது அங்கிருந்தே தெரிந்தது. நேரே ரஹ்மத்தின் ஆய்வுக் கூடத்துக்குப் போய்விட்டார், சொல்லிவிடுவது என்றுதான் போனார். அவள் திரும்பிவந்து, குழாயடியில் கை கழுவிக்கொண்டே என்ன சார் என்று கேட்டாள். பொன்னாடை, கைதட்டல், சுக்கு, மிளகு எல்லாம் வரிசையாகத் தொண்டையில் வந்து நின்றன. “ஒண்ணுமில்லம்மா, பிள்ளைக்கு எப்படி இருக்குன்னு கேக்க வந்தேன்” என்றார். பிழைச்சுக்கிடுவா என்றாள் அவள். அவர் வீட்டுக்கு வந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு படுத்தார். இவ்வளவு கேவலமான மனுஷனோடா நான் இத்தனை வருஷம் குடியிருந்தேன் என்று தன்னைப் பற்றியே அவருக்குத் தோன்றியது. அந்தத் துண்டுக்குள் தன் மூச்சே நாறுவது போல இருந்தது.

கலப்புக்கு முன்னால் இரண்டு பானையையும் சோதித்துப் பார்ப்பது வழக்கம். முடிவைச் சொல்வதற்காக எல்லோரும் சமையற்கூடத்தில் கூடினார்கள். புஷ்பத்தின் அடுப்பு அப்போது முழுதாக அணைந்திருந்தது. ரஹ்மத் உட்காராமல் பேசினாள்.

புஷ்பத்தின் பானையில் ஆன்டிபயாடிக் இருக்கிறது என்றாள். கூட்டம் உச்சுக்கொட்டியது. யாரும் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கொடுமை. நோயாளிப் பிள்ளையை வைத்திருக்கிற தாய், பயத்தில் கொடுத்திருப்பாள், சொல்லியிருக்கலாம் என்று பரிதாபமாகப் பேசினார்கள். இல்லை, பம்ப் தவிர எதுவும் கொடுக்கவில்லை என்று புஷ்பம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“இன்னொன்னும் இருக்கு” என்றாள் ரஹ்மத். “ஒவ்வொரு பானையிலயும் வளர்ற உயிருக்கு அந்தந்தக் குடும்பத்தோட சாயல் வந்துரும். சார் பானையில இப்ப இருக்கிறது சாரோடதும் இல்ல, வடிவம்மாவோடதும் இல்ல. அது புஷ்பத்தோடது. எப்படி அங்க வந்துச்சு?”

சிவசைலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அது அவருக்கே செய்தி. தன்னுடைய சாமர்த்தியத்தால் எழுந்த தீ என்றல்லவா இருந்தார்.

புஷ்பம் தலையைக் குனிந்துகொண்டாள். “நான்தான் ஊத்துனேன். அவங்க அடுப்பு அணையப் போகுதேன்னு. உறைதானே, கொஞ்சம் ஊத்துனா எழுந்துக்கிடும்னு, எங்க அடுப்பு நல்லா எரிஞ்ச வரைக்கும் எங்க பானையில இருந்து காலையில காலையில ஒரு செம்பு. கேக்காம செஞ்சது தப்புதான்.”

நம்புகிற மாதிரியா இருக்கிறது? ஒருவர் சொல்லியேவிட்டார். தன்னுடைய பானை கெட்டுப்போனது தெரிந்ததும், தன்னுடைய உயிரை அடுத்தவர் பானையில் ஒளித்து வைத்துக்கொள்ளப் பார்த்திருக்கிறாள் என்றார். கேட்கக் கணக்காகத்தான் இருந்தது. சிலர் தலையாட்டினார்கள். ஏஞ்சலின் தன் அம்மாவையும் பேசியவரையும் மாறி மாறிப் பார்த்தது. அம்மா பொய் சொல்கிறாள் என்று ஊரே சொல்கிறது, அப்படியும் இருக்குமோ என்று அந்தப் பிள்ளையின் முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது. ரஹ்மத், இரண்டு வருஷம் கழித்து நீங்கள் மறுபடி கேட்கலாம் என்று தொடங்கினாள். இரண்டு வருஷம் அந்தப் புகையில் பிள்ளை உட்கார்ந்தே தூங்கவேண்டும்.

சிவசைலத்தின் முகத்தில் ஈயாடவில்லை. வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை.

மடியில் எதுவோ விழுந்தது. பார்த்தார். அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு. வடிவு அவர் பக்கம் திரும்பாமலேயே, அவருக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள்.

“கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கோங்க. அந்தப் பிள்ளை மூஞ்சி நல்லாத் தெரியும்.”

அவருக்குத் தெரிந்தது, இவளுக்கு எல்லாம் தெரியும். அவர் சொல்லட்டும் என்று இத்தனை நாளும் காத்திருந்திருக்கிறாள். கூட்டைத் திறந்தார். துணியை எடுத்தார். காலி அட்டையை எடுத்து, எழுந்து நின்று, எல்லோருக்கும் தெரியும்படி பிடித்தார்.

“மாத்திரை என்னுது” என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. “புஷ்பம் வீட்டுக் கழிப்பறைக்குப் போனதும் நான்தான். என் அடுப்பு அணையக் கூடாதுன்னு போனேன். அவங்க ரெண்டு பேரும் ஒண்ணும் செய்யல.”

ஆயுளில் அவர் பேசிய மிகச் சின்னச் சொற்பொழிவு அதுதான். யாராவது திட்டினால் தேவலாம் போல இருந்தது. ஒருவரும் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார், அவ்வளவுதான். கூனிக் குறுகி நின்றார். தரை பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்று நினைத்தார்.

ரஹ்மத் அடுப்புகள் பக்கம் போனாள். அவர் பேர் எழுதிய பலகையைக் கழற்றினாள். அணைந்த அடுப்பின் மேலிருந்த பலகையை எடுத்து, எரிகிற அடுப்பின் மேல் மாட்டினாள்.

“இதுல எரியுறது புஷ்பத்தோட உயிர். சாரோட மருந்தெல்லாம் இதுல இருந்து கழுவிப் போயிருச்சு, நானே பாத்துட்டேன். இதைக் கலந்தாப் போதும்” என்றாள். புஷ்பம் செம்பு செம்பாக ஊற்றிவிட்டது மட்டும்தான் மிஞ்சியிருந்தது. யாரோ குலவை போட்டார்கள். புஷ்பம் மகளைக் கட்டிக்கொண்டு விசும்பினாள். பிள்ளை இந்த முறை அம்மாவை மட்டும் பார்த்தது.

மறுநாள் மத்தியானப் பேருந்துக்கு சிவசைலமும் வடிவும் கிளம்பினார்கள். எனக்கு இந்த ஊர் பிடிச்சிருந்தது என்று வடிவு ஒரே ஒரு தடவை சொன்னாள். பெட்டியில் பொன்னாடையும் இருந்தது. போகிற இடத்தில் என்னத்துக்கு என்று சென்னையிலேயே அவள் கேட்டதற்கு, புது வீட்டில் ஆணியடித்து மாட்டவேண்டும் என்று அவர்தான் அதைக் கொண்டுவந்திருந்தார்.

பேருந்து நிறுத்தத்துக்குப் புஷ்பம் வந்தாள், வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள், கையெல்லாம் சேறு. வாழையிலையில் கட்டிய புளிச்சோற்றை வடிவிடம் கொடுத்து, போகிற வழியில் சாப்பிடுங்க மதினி என்றாள். சிவசைலம் அவளைப் பார்க்கமுடியாமல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்து தூரத்தில் வளைவில் திரும்புவது தெரிந்தது. சொல்லாமல் போனால் செத்தாலும் கட்டை வேகாது என்று நினைத்து, ஒருவழியாகத் திரும்பினார்.

“என்னை மன்னிச்சிரும்மா. நீ எனக்கு ஊத்தியிருக்க, நான் உனக்கு...” என்றார்.

“நீங்க எங்க கக்கூசுக்குப் போயிட்டு வந்தத நான் பாத்தேன் அண்ணாச்சி” என்றாள் புஷ்பம். “அருவாள மறந்துட்டேன்னு ஒருநா வீட்டுக்கு வந்தேன், அப்ப. உங்களுக்கு வயித்துக்குச் சேரல போல, வெக்கப்பட்டுக்கிட்டு வெளிய சொல்லாம இருக்கீங்கன்னு நெனச்சேன். பாவமா இருந்துச்சு. அதான் மறுநாள்ல இருந்து ஊத்துனேன்.”

“நேத்து கூட்டத்துல அதை ஏன் சொல்லல? சொல்லியிருந்தா உன்னை நம்பியிருப்பாங்களே.”

“எத்தனை பேர் முன்னால. உங்களுக்கு எப்படி இருக்கும்?” என்றாள் அவள். பேருந்து வந்து நின்றது. வடிவு ஏறிவிட்டாள். புஷ்பம் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் கோபமோ குத்தலோ எதுவும் இல்லை.

“மாத்திரையா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல அண்ணாச்சி” என்றாள். “நீங்கதான் பத்து வருசமா தொட்டதே இல்லன்னு சொன்னீங்களே.”